மூணுல ரெண்டு

என் இடது கை ரெண்டு தடவை உடைஞ்சிருக்கு. ரெண்டு தடவையும் உடைச்சது என்னைக் கட்டினவன்தான், அதுல சந்தேகமே வேண்டாம். ஆனா ரெண்டாவது தடவை அவன் வெளிய வந்து உடைக்கறதுக்கு வழி பண்ணிக் குடுத்தது என் நாத்தனார் எழுதின ஒரு கட்டுரை. இதைச் சொன்னா எல்லாரும் சிரிக்கறாங்க. கட்டுரை எப்படிம்மா கையை உடைக்கும்னு கேக்கறாங்க. உடைக்கும். உக்காருங்க, சொல்றேன்.

நான் கோழிக்கடையில வெட்டறவ. மார்க்கெட்டுக்குள்ள நுழைஞ்சு முட்டைக்கடையைத் தாண்டினா, வெட்டுக் கட்டைக்குப் பின்னாடி ரப்பர் ஏப்ரன் கட்டிட்டு ஒருத்தி நிப்பா பாருங்க, அது நான்தான். இடது கையால பிடிக்கணும், வலது கையால வெட்டணும். ரெண்டு கையும் இல்லைன்னா இந்தப் பொழைப்பு இல்லை. ஒரு நாள் வாடிக்கைக்கார அம்மா ஒருத்தி என் கண்ணுக்குக் கீழ இருந்த நீலத்தைப் பாத்துட்டு, "கத்தி பிடிக்கற கையை வெச்சுக்கிட்டு அவன்கிட்ட போய் ஏன்மா அடி வாங்கறே?"ன்னு கேட்டா. எனக்கு சுர்ருன்னு வந்துச்சு. "கோழி திருப்பி அடிக்காதுங்க, அதான் வெட்டறேன்"னேன். அந்தம்மா அப்புறம் எங்க கடைப் பக்கமே வரலை.

என் வீட்டுக்காரனுக்கு நான் மனசுக்குள்ள வெச்ச பேரு துரை. டயர்க்கடை வெச்சிருந்தான். முன்னாடி கடை, பின்னாடி எங்க வீடு. ரெண்டு ரூம், ஒரு சமையக்கட்டு. சமையக்கட்டுக் கதவைத் திறந்தா பழைய டயர் மலை மாதிரி கிடக்கும், சோறு வேகற வாசனைக்கு நடுவுல எப்பவும் ரப்பர் நாத்தம். துரைக்குக் கோபம் வர காரணமே வேண்டாம். தண்ணி சூடா இருந்தா அடி, ஆறிப்போயிருந்தா அடி. பதில் பேசினா வாய்க் கொழுப்புன்னு அடி, பேசாம இருந்தா திமிருன்னு அடி. நானும் லேசுப்பட்டவ இல்லை, வாயை மூடிட்டு வாங்கினதே கிடையாது. ஒரு அடிக்கு ஒரு வார்த்தை நானும் குடுத்துடுவேன். அது ஒண்ணுதான் என் சொத்து.

வீட்டுல மூணாவது ஆள் அவன் தங்கச்சி. நான் 'சின்னவ'ன்னு கூப்பிடுவேன். அப்பா அம்மா போனப்புறம் அவன்தான் அவளை வளர்த்தான், படிக்க வெச்சான், அதை இல்லைன்னு சொல்ல மாட்டேன். பெரிய ஆஸ்பத்திரியில எக்ஸ்ரே எடுக்கற வேலை அவளுக்கு. அவ மேல மட்டும் அவன் கை வெக்கவே மாட்டான், அதுல அவனுக்கு ஒரு பெருமை. நாத்தனாரும் அண்ணியும்னா எலியும் பூனையுமா இருக்கணும்னு ஊர்ல நினைப்பாங்க. நாங்க ஒரே தட்டுல சாப்பிடறவங்க. அவன் என்னை அடிச்சுட்டு வெளிய போனதும் ஐஸ் கட்டியைத் துணியில சுத்தி எடுத்துட்டு வர்றது அவதான். "அண்ணி, நான் இந்தப் பரீட்சையைப் பாஸ் பண்ணிட்டேன்னு வைங்க, வெளிநாட்டுல எக்ஸ்ரே வேலை கிடைச்சுடும். போன கையோட உங்களைக் கூப்பிட்டுக்குவேன்"னு ஐஸை ஒத்திக்கிட்டே சொல்லுவா. அவ அண்ணன்கிட்ட இதைப் பத்தி மூச்சு விடலை.

அந்தப் பரீட்சை இங்கிலீஷ் பரீட்சை. சும்மா இல்லை, அதுலயே உசந்த பரீட்சையாம். பேசறது, கேக்கறது, படிக்கறது எல்லாத்துலயும் சின்னவ வெளுத்து வாங்கிடுவா. கட்டுரையிலதான் கவுந்துடுவா. ரெண்டு தடவை எழுதி ரெண்டு தடவையும் போச்சு. அதனால சாயங்காலம் ஒரு வாத்தியார்கிட்ட கிளாஸ் போக ஆரம்பிச்சா. திரும்பி வந்து எனக்கு எல்லாத்தையும் தமிழ்ல சொல்லுவா. எனக்குச் சொல்லிப் பாத்தாத்தான் அவளுக்கே புரியுமாம்.

"ஒரு தலைப்பு குடுப்பாங்க அண்ணி. அதுக்குக் கீழ மூணு விஷயம் குடுத்திருப்பாங்க. அதுல ரெண்டைத்தான் எடுத்துக்கணும்."

"மூணாவது?"

"விட்டுடணும். மூணையும் எழுதினா ஒண்ணையும் ஒழுங்கா எழுதலைன்னு மார்க்கைக் குறைச்சுடுவாங்க. இவ்வளவு வார்த்தைக்குள்ளதான் எழுதணும்னு கணக்கு வேற இருக்கு."

"அந்த மூணாவதுதான் முக்கியமா இருந்தா?"

"அப்படியெல்லாம் யோசிக்கக் கூடாதாம், சார் சொல்றாரு."

சார் இன்னொண்ணும் சொன்னாராம். கட்டுரையில கோபம் தெரியக் கூடாது. எதிராளி என்ன சொல்லுவான்னு நாமளே நியாயமா ஒரு பத்தி எழுதிட்டு, அப்புறம்தான் மறுக்கணும். "எதிராளிக்கு முதல்ல ஒரு நாற்காலி போடு, உக்கார வை, அப்புறம் பேசு"ன்னு கிளாஸ்ல தினமும் சொல்லுவாராம். சின்னவளோட பழைய பேப்பரைப் பாத்துட்டு, "நீ கட்டுரை எழுதலைம்மா, குழாயடியில நின்னு சண்டை போடறே. இவ்வளவு கோபமா எழுதினா யாரும் நம்ப மாட்டாங்க. அமைதியா எழுதறவங்களைத்தான் நம்புவாங்க"ன்னுட்டாராம்.

தினமும் வேலை முடிஞ்சு வந்து சமையக்கட்டு மேஜையில உக்காருவா. நான் சுவத்துக் கடிகாரத்தைக் கழட்டி மடியில வெச்சுக்கிட்டு உக்காந்திருப்பேன். முக்கால் மணி நேரம். ஒரு சத்தம் வரக் கூடாது. நேரம் ஆனதும், "பேனாவைக் கீழ வைடி"ம்பேன். முதல்ல மூச்சு வாங்கும் அவளுக்கு, பாதிதான் முடிச்சிருப்பா. போகப் போகப் பிடிபட்டுச்சு. ஒரு நாள் வாத்தியார் அவ பேப்பரைக் கிளாஸ்ல எல்லாருக்கும் படிச்சுக் காட்டினாராம். அன்னிக்கு அவ கால் தரையிலயே இல்லை.

ஆனா ஒரு வில்லங்கம். அந்தக் கட்டுரை வீட்டுக்குள்ளயும் வந்துடுச்சு. டீ குடுத்தா, "இதை ரெண்டு விதமாப் பாக்கலாம் அண்ணி. ஒரு பக்கம் சூடு சரியா இருக்கு. மறுபக்கம் பாத்தா சர்க்கரையே இல்லை"ம்பா. நானும் சிரிப்பேன். ஒரு நாள் துரை என்னைக் கன்னத்துல அறைஞ்சுட்டுக் கடைக்குப் போயிட்டான். ஐஸ் கட்டியோட வந்தவ, "அண்ணன் செஞ்சது தப்புதான். இருந்தாலும் அவருக்கும் காலையில இருந்து கடையில..."ன்னு ஆரம்பிச்சா. எனக்கு வந்துச்சே ஆத்திரம். "அடியே, என் கன்னத்து மேல எவனுக்குடி நாற்காலி போடறே?"ன்னு கரண்டியை ஓங்கிட்டேன். அவளுக்கு முகமே செத்துப்போச்சு. "ஐயோ அண்ணி, பழக்கத்துல வந்துடுச்சு"ன்னு என் காலைத் தொடக் குனிஞ்சா. நானும் அதை அத்தோட விட்டுட்டேன்.

முதல் தடவை கை உடைஞ்சது இப்படித்தான். சாயங்காலம், வெளிச்சம் கூடப் போகலை. சின்னவ எழுதிட்டிருக்கா. ஊருக்கு நூலகம் வேணுமா, பூங்கா வேணுமா, நீச்சல் குளம் வேணுமான்னு தலைப்பு. என் மடியில கடிகாரம். கடையில ஏதோ லாரிக்காரனோட தகராறு போல, துரை டயர் கழட்டற கம்பியோடயே உள்ள வந்தான். முழங்கையை விட நீளமான இரும்புக் கம்பி, முனை தட்டையா இருக்கும்.

"சோறு போடுடீ."

"இருங்க, அஞ்சே நிமிஷம். அவ முடிச்சுடட்டும்"னேன் நான். அவ்வளவுதான் சொன்னேன்.

"என் வீட்டுல என்னையே காக்க வெக்கறியா நீ?"

கடிகாரத்தைப் பிடுங்கித் தரையில அடிச்சான். கண்ணாடி சிதறி என் கால்ல குத்துச்சு. "ஆம்பளை வீரத்தைக் கடிகாரத்துகிட்ட காட்டறீங்களா? லாரிக்காரன்கிட்ட காட்ட வேண்டியதுதானே"ன்னு என் வாய் சும்மா இல்லாம சொல்லிடுச்சு. கம்பி மேல போறதைப் பாத்தேன். தலையைக் காப்பாத்த இடது கையைத் தூக்கினேன். அந்தச் சத்தம் எனக்கு நல்லாத் தெரிஞ்ச சத்தம், தினமும் கட்டை மேல நான் கேக்கற சத்தம்தான். என் எலும்புலயிருந்து வந்தா எப்படி இருக்கும்னு அன்னிக்குத்தான் தெரிஞ்சுது.

விழுந்துட்டேன். அதுக்கப்புறம் உதை. இடுப்புல, வயித்துல, முதுகுல. செருப்புக் காலால. சின்னவ அலறிக்கிட்டு அவன் சட்டையைப் பிடிச்சு இழுக்கறா, அவன் அவளை ஒரு பக்கமாத் தள்ளிவிட்டுட்டு மறுபடியும் என்கிட்ட வர்றான். "இன்னிக்குக் கை. அடுத்த தடவை மண்டைடீ. பொளந்துடுவேன். பொளந்து டயரோட சேத்து எரிச்சுடுவேன், எலும்பு கூடக் கிடைக்காது"ன்னு ஒவ்வொரு உதைக்கும் சொன்னான். சொல்லிட்டு, சிரிச்சான். பக்கத்து வெல்டிங் கடைக்காரரும் அவர் சம்சாரமும் ஓடி வந்து அவனை இழுத்துட்டுப் போனதாலதான் நான் உங்ககிட்ட இப்பப் பேசிட்டிருக்கேன்.

ஆஸ்பத்திரியில எனக்கு எக்ஸ்ரே எடுத்தது சின்னவதான். வேற ஆளைக் கூப்பிடறேன்னாங்க, அவ கேக்கலை. அழுதுக்கிட்டே என் கையைத் தூக்கித் தட்டு மேல வெச்சா. படத்தைப் பாத்துட்டு, "கீழ விழுந்தா இந்த எலும்பு இந்த இடத்துல உடையாது அண்ணி. அடியைத் தடுக்கக் கையைத் தூக்கினாத்தான் இப்படி உடையும். இங்க வாரத்துக்கு ரெண்டு பொம்பளைங்களுக்குப் பாக்கறேன். எல்லாரும் படியில விழுந்தேம்பாங்க"ன்னா. நான் படியில விழுந்தேன்னு சொல்லப் போறது இல்லைன்னு சொன்னேன்.

போலீஸ் வந்துச்சு. பொம்பளை இன்ஸ்பெக்டர், குள்ளமா, அசையாத முகம். துரையைக் கூட்டிட்டுப் போயிருந்தாங்க. கையில மாவுக்கட்டுப் போடறதுக்கு முன்னாடியே நான் எல்லாத்தையும் சொன்னேன், அவன் கொன்னுடுவேன்னு மிரட்டினதையும் சேத்துத்தான். அந்தம்மா சின்னவ பக்கம் திரும்பி, "பக்கத்துல இருந்து பாத்தது நீங்க ஒருத்திதான். நடந்ததை உங்க கைப்பட எழுதிக் குடுங்க. எந்த மொழியில வேணும்னாலும் எழுதலாம்"னாங்க.

சின்னவ ஒரு பேனாவைக் கேட்டு வாங்கினா. நாற்காலியை இழுத்துப் போட்டு நேரா உக்காந்தா. சுவத்துல இருந்த கடிகாரத்தைப் பாத்தா. எனக்கு அப்பவே சந்தேகம் வந்திருக்கணும். வலி மாத்திரை போட்டு மயக்கமா இருந்தேன், தோணலை. இங்கிலீஷ்ல எழுதினா, அதுக்குத்தான் மதிப்புன்னு. எழுதி முடிச்சு, பேனாவைக் கீழ வெச்சுட்டு என்கிட்ட வந்தா. "நல்லா எழுதியிருக்கேன் அண்ணி. துளிக் கூடக் கோபம் தெரியாம எழுதியிருக்கேன். படிச்சா நம்பாம இருக்க முடியாது"ன்னு என் நெத்தியைத் தடவினா. பாவி, எவ்வளவு ஆசையாச் சொன்னா தெரியுமா.

கோர்ட்டுல ஜாமீன் கேட்டு துரையோட வக்கீல் எழுந்து நின்னப்போ என் கை மாவுக்கட்டுக்குள்ள அரிச்சுக்கிட்டிருந்துச்சு. ஒல்லியா இருந்தாரு, குரல் மட்டும் தேன். "ஐயா, சாட்சி யாரு? என் கட்சிக்காரரோட சொந்தத் தங்கச்சி. அவங்களே எழுதியிருக்காங்க, கேளுங்க"ன்னு சின்னவ எழுதினதுல ஒரு பத்தியைப் படிச்சாரு. படிச்சுட்டு நிதானமா அர்த்தமும் சொன்னாரு. அண்ணன் தாய் தகப்பன் இல்லாத தங்கச்சியை ஆளாக்கினவர். கடையில ஓயாத வேலை, ஓயாத தகராறு. மனைவியோட துடுக்கான பேச்சும் அவரைத் தூண்டியிருக்கலாம்னு சிலர் கருதக்கூடும்.

சின்னவ எழுந்து நின்னுட்டா. "ஐயா! அது என் கருத்து இல்லைங்க! அது எதிர்த்தரப்பு! அடுத்த பத்தியில மறுத்திருக்கேன், அதைப் படிக்கச் சொல்லுங்க!"

"உக்காருங்கம்மா. எதிர்த்தரப்புக்கு நான் இருக்கேன்"னாரு வக்கீல். கோர்ட்டே சிரிச்சுது.

நீதிபதி மீதியையும் படிச்சாரு, பொறுமையாத்தான் படிச்சாரு. கண்ணாடியைக் கழட்டிட்டு, "இதுல அடிச்சது இருக்கு. முன்னாடியும் அடிச்சது இருக்கு. கொலை மிரட்டல் எங்க இருக்கு?"ன்னு கேட்டாரு.

வக்கீல் அதுக்குத்தான் காத்துட்டிருந்தாரு. "இல்லைங்க ஐயா. மிரட்டினதா மனைவி மட்டும்தான் சொல்றாங்க. ரெண்டடி தள்ளி நின்ன சாட்சி ஒரு வார்த்தை கூட எழுதலை."

நான் இன்ஸ்பெக்டர் அம்மாவைத் திரும்பிப் பாத்தேன். "எழுதாததை நாங்க என்னம்மா பண்ண முடியும்?"னு மெதுவாச் சொன்னாங்க. உயிருக்கு ஆபத்துன்னு காட்ட எதுவும் இல்லைன்னு சொல்லி, வீட்டுப் பக்கம் போகக் கூடாதுன்னு ஒரு நிபந்தனை போட்டு அவனை வெளிய விட்டாங்க. படியிறங்கும்போது என்னைப் பாத்து நெத்தியில ரெண்டு விரலால தட்டிக் காட்டினான். மண்டைன்னு அர்த்தம்.

கோர்ட்டு வாசல்ல சின்னவளோட சட்டைக் காலரைப் பிடிச்சேன். "ஏன்டி? ஏன்டி எழுதலை? உன் காதுல விழலையா? எரிச்சுடுவேன்னான், எலும்பு கூடக் கிடைக்காதுன்னான்!"

"விழுந்துச்சு அண்ணி. மூணு விஷயம் இருந்துச்சு. அன்னிக்கு அடிச்சது, இத்தனை வருஷமா அடிக்கறது, மிரட்டினது. நான்... ரெண்டை எடுத்துக்கிட்டேன்."

என் வலது கை மேல போச்சு. கத்தி பிடிக்கற கை. அவ தடுக்கக் கூட இல்லை, கன்னத்தைக் காட்டிட்டு அப்படியே நின்னா. அடிக்கலை. அடிச்சிருந்தா நானும் அவனும் ஒண்ணுதான். எங்க கடையில ஒரு தடவை மின்சாரப் பெட்டி வெடிச்சுத் தீப்பிடிச்சு எல்லாரும் அலறிட்டு ஓடினாங்க. நான் மட்டும் ஓடாம வெறுங்கட்டையை வெட்டிக்கிட்டு நின்னேனாம். முதலாளி வந்து உலுக்கினப்புறம்தான் தெரிஞ்சுது. கதி கலங்கிப் போனா கை பழகினதைத்தான் செய்யும். அவ கைக்குப் பழகினது அது. அதுக்குக் கடிகாரம் பிடிச்சதே நான்தானே. இது எல்லாம் புரிஞ்சும் ரெண்டு நாள் அவகிட்ட முகம் குடுத்துப் பேசலை. புரிஞ்சா மட்டும் கோபம் போயிடுமா என்ன?

அவன் ஒரு ஞாயித்துக்கிழமை மத்தியானம் வந்தான். வெல்டிங் கடை பூட்டியிருக்கற நாளாப் பாத்துதான் வந்திருக்கான். கடை ஷட்டரைத் திறந்து, டயருக்கு நடுவுல நடந்து, சமையக்கட்டுக் கதவு வழியா. சின்னவ மேஜையில எழுதிட்டிருந்தா, பரீட்சைக்கு நாலு நாள்தான் இருந்துச்சு. நான் தொட்டியில ஒத்தைக் கையால பாத்திரம் கழுவிட்டிருந்தேன். அவன் ஒரு கையில கம்பி, இன்னொரு கையில மடிச்ச பேப்பர்.

நேரா சின்னவகிட்ட போனான். அவ தலையைத் தடவிக் குடுத்தான். "நல்லா எழுதியிருக்கேம்மா. வக்கீல் படிச்சுச் சொன்னாரு. எனக்குக் கண்ணே கலங்கிடுச்சு. நான் வளர்த்த வளர்ப்பு"ன்னான். மனசாரத்தான் சொன்னான், அதுதான் கொடுமை. அவ பேனாவைப் பிடிச்சபடியே கல்லா உறைஞ்சு போயிட்டா.

அப்புறம் என் பக்கம் திரும்பினான். "கேட்டியாடீ? உன் வாய்தான் காரணம்னு என் தங்கச்சியே எழுதியிருக்கா. கையெழுத்துப் போட்டு எழுதியிருக்கா."

"அடுத்த பத்தியையும் படிக்கச் சொல்லுடா"ன்னேன். வாழ்க்கையிலயே அன்னிக்குத்தான் அவனை முதல் தடவையா 'டா'ன்னு கூப்பிட்டேன்.

கம்பி மாவுக்கட்டு மேலயே விழுந்துச்சு. முட்டை ஓடு மாதிரி நொறுங்கி வெள்ளைத் தூளாக் கொட்டுச்சு. உள்ள ஒட்டிட்டிருந்த எலும்பு திரும்பவும் விட்டுப்போச்சு. எனக்குக் கண்ணு இருட்டிக்கிட்டு வந்து தொட்டிக்கு அடியில சரிஞ்சேன். முடியைப் பிடிச்சு என் தலையை நிமித்தித் தொட்டி விளிம்புல வெச்சான், நான் கோழியைக் கட்டை மேல வெக்கற மாதிரியே. "மண்டைன்னு சொன்னேனா இல்லையா?"ன்னான். கம்பி மேல போச்சு.

சின்னவ எந்திரிச்சதை நான் பாக்கலை. நாற்காலி கவுந்த சத்தம்தான் கேட்டுச்சு. கதவோரம் டயர்க் குவியல் மேல இன்னொரு கம்பி எப்பவும் கிடக்கும். முதல் அடி அவன் தோள்ல விழுந்துச்சு. அவன் கம்பி கையை விட்டுப் போய்த் தரையில உருண்டுச்சு. அவனும் முட்டி போட்டு விழுந்தான், என் முடியை விட்டுட்டான்.

அது முதல் அடி. அத்தோட என் உயிர் தப்பிச்சாச்சு. அதை நான் ஒத்துக்கறேன்.

அவன் அவளை அண்ணாந்து பாத்தான். அவனுக்கு நம்பவே முடியலை. "சின்னும்மா... வேண்டாம்மா... விட்டுடு"ன்னு கையைத் தூக்கினான், அன்னிக்கு நான் தூக்கின மாதிரியே. அவ அந்தக் கையைப் பாத்தா. கையைத் தூக்கித் தடுத்தா எந்த எலும்பு எந்த இடத்துல உடையும்னு அவளுக்கா தெரியாது? அங்கயே அடிச்சா. ஒரே அடி. அவன் ஊளையிட்டுச் சுருண்டதும் முழங்கால்ல ஒண்ணு. அவ முகத்துல கோபமே இல்லை. கட்டுரை எழுதும்போது எப்படி இருப்பாளோ அப்படி இருந்தா. நான் பாத்துக்கிட்டே கிடந்தேன். போதும்டின்னு சொல்லலை. சொல்லணும்னு தோணவும் இல்லை. அந்தச் சத்தம் எனக்கு இனிச்சுதுங்க, உள்ளதைச் சொல்லிட்டேன்.

கம்பியைக் கீழ போட்டுட்டு அவளே போலீசுக்குப் போன் பண்ணினா.

மறுபடியும் அதே ஆஸ்பத்திரி, அதே இன்ஸ்பெக்டர் அம்மா. இந்தத் தடவை சின்னவ வெளிய பெஞ்சுல, பக்கத்துல ஒரு போலீஸ்காரி காவல். நான் உள்ள. இன்ஸ்பெக்டர் அம்மா பேப்பரை எடுத்து வெச்சாங்க. "உங்க நாத்தனார் வாயே திறக்கலை. அவன் மயக்கத்துல கிடக்கான். பாத்தது நீங்க ஒருத்திதான். சொல்லுங்க, நான் எழுதிக்கறேன்."

என் முன்னாடி மூணு விஷயம் இருந்துச்சு.

முதல்ல அவன் வந்ததைச் சொன்னேன். நிபந்தனையை மீறி வந்தான், கம்பியோட வந்தான், கட்டுப் போட்ட கையை உடைச்சான், என் தலையைத் தொட்டி விளிம்புல வெச்சு மண்டையைப் பொளக்கறேன்னு கம்பியை ஓங்கினான். "ஓங்கினான், பொளக்கறேன்னான், ரெண்டையும் எழுதிட்டீங்களா மேடம்?"னு கேட்டு, எழுதினதைப் படிச்சுக் காட்டச் சொன்னேன். படிச்சாங்க. ரெண்டாவது, என்னைக் காப்பாத்த சின்னவ அவனை ஒரு அடி அடிச்சதைச் சொன்னேன்.

"அப்புறம்?"

"அப்புறம் அவன் விழுந்துட்டான்."

பேனா நின்னுச்சு. "தோள் இறங்கியிருக்கு. கை உடைஞ்சிருக்கு. முழங்கால் சில்லு தூள். எல்லாம் ஒரே அடியிலயா?"

"விழுந்த இடம் பூரா டயரும் இரும்பும் மேடம். கடையில வந்து பாருங்க, கால் வெக்க இடமிருக்காது."

அந்தம்மா என்னைப் பாத்தாங்க. தொங்கிட்டிருந்த என் கையைப் பாத்தாங்க. எழுதாததை என்ன பண்ண முடியும்னு கோர்ட்டுல என்கிட்ட சொன்னது அவங்களுக்கும் ஞாபகம் வந்திருக்கும்னு நினைக்கறேன். மூணாவதைக் கேட்டுட்டா அந்தப் பொண்ணு உள்ள, பரீட்சை போச்சு, எல்லாம் போச்சு. முகத்துல மட்டும் ஒண்ணும் காட்டலை. அமைதியா இருக்கறவங்களைத்தான் நம்புவாங்கன்னு யாரோ ஒரு வாத்தியார் சொன்னதைக் கெட்டியாப் பிடிச்சுக்கிட்டேன்.

"வேற ஏதாவது விட்டுப் போச்சா?"

"ஒண்ணும் இல்ல மேடம்."

பேப்பரை என் பக்கம் தள்ளினாங்க. நல்ல கையால கையெழுத்துப் போட்டேன்.

வெளிய வந்தேன். பெஞ்சுல இருந்த போலீஸ்காரியை இன்ஸ்பெக்டர் அம்மா உள்ள கூப்பிட்டுக்கிட்டாங்க. சின்னவ என்னை ஏறிட்டுப் பாத்தா. அவ உள்ளங்கை வீங்கிச் செவந்திருந்துச்சு, விரலை மடக்க முடியலை.

"எல்லாத்தையும் சொல்லிட்டீங்களா அண்ணி?"

பக்கத்துல உக்காந்தேன். "மூணு இருந்துச்சு"ன்னேன். "ரெண்டை எடுத்துக்கிட்டேன்."

புரிஞ்சதும் என் மடியில விழுந்து அழுதா. நானும் அழுதேன். அப்புறம் முந்தானையால அவ மூக்கைத் துடைச்சுவிட்டு, அந்த வீங்கின கையைப் பிடிச்சுப் பாத்தேன்.

"பேனா பிடிக்க வருமாடி?"ன்னு கேட்டேன்.

"வரும்"னா.

"அப்ப எந்திரி. போய் முதல்ல ஐஸ் வாங்கணும். வர்ற வழியில ஒரு கடிகாரமும் வாங்கிடலாம்"னேன்.